எண் பூண்ட பயணிகள்



விடியற்காலையில் சந்தாபுராச் சந்திப்பில் நின்றிருக்கிறீர்களா? ஓசூர்ச் சாலை வழியாகத் தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தோடு இறங்கும் கூட்டத்தை நோக்கி நம் மாணவர் சிலர் காத்து நிற்பர். அவர்களுக்காக இறங்குவது ஆள் அன்று, பொட்டலம். ஊரில் அம்மா ஓட்டுநரிடம் ஒப்படைத்த ஊறுகாய் ஜாடியோ, வறுத்த மிளகாய்த் தூளோ, கருவாடோ அதில் இருக்கும். மேலே ஒட்டிய தாளில் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கும். அம்மாவுக்கு அந்த ஓட்டுநர் யாரென்று தெரியாது. ஓட்டுநருக்கும் நம்மைத் தெரியாது. ஆயினும் பொட்டலம் வந்து சேர்ந்துவிடுகிறது.

அறிமுகமில்லாத கைகளை நம்பி, ஓர் எண்ணை மட்டும் துணையாகக் கொண்டு பொருள்கள் பயணம் செய்வது இங்கு நமக்குப் பழகிப் போன செய்தி. இம்முறையை உலகளாவிய விளையாட்டாகச் சிலர் ஆக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நூறாண்டுகள் முன்பே விஞ்ஞானிகள் இதனைப் பறவையின் காலில் பூட்டிவிட்டார்கள். விளையாட்டில் தொடங்கி விஞ்ஞானத்துக்குச் செல்வோம். இரண்டிற்கும் உயிராக நிற்பது எது என்பதை இறுதியில் காண்போம்.

விளையாட்டுப் பயணி

ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக்கோள் வழிகாட்டி முறை அமெரிக்க இராணுவத்துக்கு உரியது. பொதுமக்களுக்குக் கிடைத்த அதன் அலைகளில் முன்பு வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். அதனால் இருக்கும் இடத்தை ஏறக்குறைய நூறு மீட்டர் பிசகோடுதான் அறிய முடிந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே, மே 3-ஆம் நாள், டேவ் அல்மர் என்பவர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்தார். சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டப்பா பீன்ஸ், குறிப்பேடு, பென்சில் ஆகியவை அதனுள் இருந்தன. அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை அவர் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் எதையேனும் எடுத்துக்கொண்டு எதையேனும் வைத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. சில நாள்களிலேயே இருவர் தேடிக் கண்டு குறிப்பேட்டில் எழுதினர். ‘ஜியோகேச்சிங்’ என்னும் விளையாட்டு இவ்வாறு பிறந்தது.

இவ்விளையாட்டில் பின்னர்த் தோன்றியதே பயணப் பண்டம். ‘டிராக்கபிள்’ என்றும் ‘டிராவல் பக்’ என்றும் அதனை அழைக்கின்றனர். போர்வீரர் கழுத்தில் தொங்குவது போன்ற ஓர் உலோகத் தகட்டில் வேறெதற்கும் இல்லாத ஓர் எண்ணைப் பொறித்திருப்பார்கள். அதை ஒரு சிறு பொம்மையிலோ சாவி வளையத்திலோ கோத்து, ஏதேனும் ஒரு பெட்டியில் வைத்துவிட வேண்டும். அதற்கு ஓர் இலட்சியத்தையும் உடையவர் கொடுத்திருப்பார். ‘கடலைப் பார்க்க வேண்டும்’ என்பது போல் அது இருக்கும். பெட்டியைக் கண்டவர் பண்டத்தை எடுத்துச் சென்று வேறொரு பெட்டியில் வைப்பார். எண்ணைப் பதிவு செய்து, இங்கே எடுத்தேன், அங்கே வைத்தேன் என்று அறிவிப்பார். உடையவர் வீட்டிலிருந்தபடியே அதன் வழியைப் படத்தில் காண்பார்.

இவற்றுள் ஒன்றைத் தம்மோடு ரிச்சர்ட் கேரியட் என்பவர் 2008 அக்டோபரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே கொண்டு சென்றார். 2021 பிப்ரவரியில் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியிலும் இத்தகைய எண் ஒன்று உண்டு. அதன் கருவியொன்றைச் சரிபார்க்கும் பலகையில் பதித்த பாலிகார்பனேட் துண்டில் அந்த எண்ணைப் பொறித்துள்ளனர்.

செவ்வாய்க்குப் போன பண்டம் தொலைவதில்லை. பூமியில் உலவுபவைதாம் தொலைகின்றன. அழகாயிருக்கிறதே என்று ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்வார். விவரம் அறியாத ஒருவர் பெட்டியையே குப்பையென்று அகற்றிவிடுவார். அந்நொடியில் பண்டம் அழிவதில்லை, எங்கோ ஒரு மேசையறையில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதன் பயணம் முடிந்துவிடுகிறது. பொருள் நகர்ந்தால் மட்டும் போதாது, நகர்ந்ததை ஒருவர் சொல்லவும் வேண்டும். இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

காலில் ஒரு விலாசம்

பறவைகள் பருவந்தோறும் வருவதும் போவதும் பண்டைக் காலந்தொட்டே மனிதர் அறிந்தவை. சத்திமுத்தப் புலவர் நாரையை அழைத்துத் தம் மனைவியிடம் தூது சொல்லச் சொன்னதை நாம் அறிவோம். ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன என்பது யாருக்கும் தெரியாது. தகைவிலான்கள் குளிர்காலத்தில் குளத்துச் சேற்றுக்குள் உறங்குகின்றன என்று ஐரோப்பாவில் கற்றவர்களும் நம்பிய காலம் உண்டு. 1822-இல் ஜெர்மனியில் ஒரு வெண்ணாரையைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதன் கழுத்தில் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஈட்டி குத்தியபடி இருந்தது. அந்த ஈட்டி ஆப்பிரிக்க மக்களுடையது. நாரை குளிர்காலத்தை எங்கே கழித்தது என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ? அந்த நாரையை இன்றும் ராஸ்டாக் பல்கலைக் கழகத்தில் காணலாம்.

ஈட்டிக்குப் பதில் எண்ணைத் தந்தவர் டென்மார்க்கு நாட்டின் வீபோர்க் நகரப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் மார்ட்டென்சன். 1890-இல் அவர் துத்தநாக வளையங்களைச் செய்து பார்த்தார். அவை பறவைக்குப் பாரமாயின. 1899-இல் இலேசான அலுமினிய வளையங்களில் எண்ணும் ஊரும் பொறித்து, மைனா இனத்தைச் சேர்ந்த 165 பறவைகளுக்கு அணிவித்துப் பறக்கவிட்டார். பறவை ஆராய்ச்சியில் ஒரு புதுவழி அன்று திறந்தது.

இங்கு நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. புலவரின் நாரை செய்தியைச் சுமந்து சென்றது. வளையமிட்ட பறவையோ எந்தச் செய்தியையும் சுமப்பதில்லை. அது சுமப்பது ஒரு வேண்டுகோள். ‘என்னைக் கண்டவரே, கண்டதை எழுதுங்கள்’ என்பதே வளையத்தின் பொருள்.

இவ்வாறு எழுதியவர்களால் நாம் அறிந்தவை சிறியவை அல்ல. 1982-இல் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் பறக்கும் பருவம் எய்தாத ஓர் ஆர்க்டிக் ஆலாக் குஞ்சுக்கு வளையமிட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் அது ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரை அடைந்திருந்தது. கடல்வழித் தொலைவு 22,000 கிலோமீட்டருக்கு மேல்! பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956-இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்னும் விஞ்ஞானி ஓர் ஆல்பட்ராஸ் பறவைக்கு வளையமிட்டார். வளையம் தேயத் தேயப் பிறர் புது வளையங்களை மாற்றிப் பூட்டினர். 2002-இல் அதே ராபின்ஸ் அதே தீவில் ஒரு பறவையைப் பிடித்தார். பழைய ஏடுகளில் ஓர் எண்ணிலிருந்து முந்திய எண்ணுக்கு, அதிலிருந்து அதற்கு முந்தியதற்கு என்று பின்னோக்கித் தேடினார்கள். அது 46 ஆண்டுகளுக்கு முன் அவர் கையால் வளையம் பூண்ட பறவையே! ‘விஸ்டம்’ என்று பெயர் பெற்ற அப்பறவை 2024-இன் இறுதியிலும் முட்டையிட்டது. வளையத்தைவிட ஏட்டை எழுதிய கைகளே இங்குப் பெரியவை அல்லவா?

காய்ச்சல் கிளப்பிய கேள்வி

நம் நாட்டில் இப்பணியைச் செய்துவருவது 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். 1920-களின் பிற்பகுதியில் மத்திய இந்தியாவின் தார் சமஸ்தானத்தில் வளையமிடும் வேலை சிறிய அளவில் தொடங்கியது. அது பெருமுயற்சியாக வளர்ந்ததற்குக் காரணம், நாம் வாழும் இக்கர்நாடக மண்ணில் தோன்றிய ஒரு நோய்.

1957-இல் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன. அடுத்து, காட்டுக்குச் சென்று வந்த மக்களுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. குரங்குக் காய்ச்சல் என்று மக்கள் அழைத்த அந்நோயின் கிருமி, உண்ணிகளால் பரவும் ஒரு வைரஸ். ரஷியாவில் காணப்படும் வைரஸ் இனத்தோடு அது நெருங்கிய உறவுடையது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. இதற்கு விடை காண வேண்டுமானால், எந்தப் பறவை எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, சாலிம் அலியின் தலைமையில், 1959 முதல் கழகத்தார் பறவைகளுக்கு வளையமிடலாயினர். இக்காய்ச்சல் காட்டுக்குள்ளேயே உண்ணிகள், சிறு பிராணிகள், குரங்குகள் இவற்றிடையே சுழல்வது என்றே இன்று கொள்ளப்படுகிறது. நோயைத் தேடிப் புறப்பட்ட முயற்சி, பறவைகளின் வழித்தடங்களை நமக்கு ஈந்தது.

கோடியக்கரை

இம்முயற்சியில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த இடம் கோடியக்கரை. வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் கூடும் முனை அது. அருகே சேற்றுப் படுகையும் உப்பளங்களும் பரந்து கிடக்கின்றன. பனிக்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் ஆலாக்களும் அங்கு வந்து இறங்கும். 1967-இல் அரசு அதனைச் சரணாலயமாக அறிவித்தது. 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அது அங்கீகாரம் பெற்றது. சாலிம் அலியும் அவர்க்குப்பின் எஸ். பாலச்சந்திரன் முதலியோரும் அங்கு உழைத்தனர்.

வேலை நடக்கும் முறை இது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய நைலான் வலையைக் கட்டி, சிக்கிய பறவையை நோகாமல் எடுப்பார்கள். பறவை பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட பீகாரின் மிர்ஷிகார் மக்களின் கைத்திறன் கழகத்துக்குப் பெரிதும் பயன்பட்டது. பிடித்து விற்ற கைகளே பிடித்து விடுவதற்கும் பழகின! எடை பார்த்து, இறகை அளந்து, வயதை மதிப்பிட்டு, காலில் வளையத்தைப் பொருத்தி, ஏட்டில் எழுதிப் பறக்க விடுவார்கள். வளையத்தின் அளவைக் காட்டும் எழுத்தும் வரிசை எண்ணும் அதில் பொறித்திருக்கும். பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்குமாறு ஆங்கிலத்தில் ஒரு வரியும் உண்டு. கொசு உள்ளான் என்று நம் மக்கள் அழைக்கும் சிறு பறவையின் எடை முப்பது கிராமுக்குள்தான். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, அது நம் உப்பளத்துக்கு வருகிறது.

செயற்கைக்கோள் கருவி வந்துவிட்ட பிறகு இந்த அலுமினிய வளையம் எதற்கு என்று கேட்பீர்கள். 2012-இல் நாகாலாந்தில் அமூர் வல்லூறுகளை வலைவீசிப் பெருங்கூட்டமாகக் கொன்றார்கள். அடுத்த ஆண்டில் பாங்டி முதலிய ஊரார் அதைக் கைவிட்டனர். அந்த 2013-லேயே மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பூட்டி, ‘நாகா’, ‘வோக்கா’, ‘பாங்டி’ என்று பெயரிட்டு, அவை ஆப்பிரிக்கா வரை பறப்பதை விஞ்ஞானிகள் கண்டனர். அது சிறந்த முறையே. ஆயினும் கருவிக்கு விலை அதிகம், எடையும் உண்டு. பறவையின் எடையில் நூற்றில் மூன்று முதல் ஐந்து பங்குக்கு மேல் சுமத்தலாகாது என்பது பொது விதி. முப்பது கிராம் உள்ளானுக்கு அது ஏறக்குறைய ஒரு கிராம்தான். ஆயிரக்கணக்கான சிறு பறவைகளை அறிய எளிய வளையமே இன்றும் கைகொடுக்கிறது.

சொல்லப்படாத செய்தி

விஞ்ஞானம் பயிலும் நாம் இங்கு எச்சரிக்கையோடு சிந்திக்க வேண்டும். வளையமிட்ட சிறு பறவைகளில் நூற்றுக்கு ஒன்றைப் பற்றிக்கூட மறு செய்தி வருவதில்லை. வரும் செய்தியும் எங்கிருந்து வருகிறது? மனிதர் நடமாடும் இடத்திலிருந்து, எழுதத் தெரிந்தவரிடமிருந்து, எழுத அஞ்சாதவரிடமிருந்து வருகிறது. ஒரு நாட்டிலிருந்து பல கடிதங்களும் மற்றொரு நாட்டிலிருந்து ஒன்றுமில்லாமலும் இருந்தால், பறவை இரண்டாம் நாட்டுக்குப் போகவில்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது. நம் கையிலுள்ள படம் பறவைகளின் படம் மட்டும் அன்று; அதைக் கண்டு சொன்ன மனிதர்களின் படமுமாகும். தொலைவும் அவ்வாறே. வளையமிட்ட இடத்துக்கும் கண்ட இடத்துக்கும் இடையே நேர்கோடு இழுக்கிறோம். பறவை சுற்றிய சுற்று அக்கோட்டில் இல்லை. பயணப் பண்டத்தின் கிலோமீட்டர்க் கணக்கும் பெட்டிக்குப் பெட்டி இழுத்த கோடுகளின் கூட்டுத்தொகையே.

இதனை நான் நூலில் படிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் கண்டேன். என் ஊர் வேதாரணியத்தை அடுத்தது. தாத்தா உப்பளத்தில் வேலை செய்தவர். பாட்டியின் சாவிக்கொத்தில், ஊக்குகளோடு ஊக்காக, மோதிரத்தினும் மிகச் சிறிய வெள்ளை வளையம் ஒன்று கிடக்கும். பிள்ளைப் பருவத்தில் அதைப் பொம்மையின் வளையல் என்று எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில்தான் அதன்மேல் எழுத்து இருப்பதைக் கவனித்தேன். ‘ஏது ஆயா இது?’ என்று கேட்டேன். ‘உங்க தாத்தா அடிச்ச உள்ளான் காலுல கெடந்துச்சுப்பா. பெரிய புயலுக்கு அடுத்த வருசம்’ என்றார். பெரிய புயல் என்றால் எங்கள் பக்கத்தில் 1977 நவம்பரில் நாகையைத் தாக்கிய புயல். அந்த ஆண்டுகளில் வீட்டில் அரிசி இல்லாத நாள்கள் இருந்தன என்பதையும் பாட்டி சொன்னார். வளையத்தில் இங்கிலீஷ் எழுத்தைக் கண்டதும் தாத்தா நடுங்கிப் போனாராம். அரசாங்கத்துப் பறவையைக் கொன்றுவிட்டோமோ, பிடித்துப் போவார்களோ என்று அஞ்சி, யாரிடமும் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தச் செய்தி ஒரு சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் தாத்தாவைக் குறை சொல்லவில்லை. ‘எழுதுங்கள்’ என்று கேட்ட வளையம், அவர் படிக்க முடியாத மொழியில் கேட்டது. எழுதினால் தண்டனை இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அஞ்சும் மனிதரிடமிருந்து உண்மை வராது என்பதையும் விஞ்ஞானம் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும்.

பாட்டியிடம் கேட்டு வளையத்தை வாங்கி வந்தேன். எண்கள் தேய்ந்திருந்தன. எங்கள் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் படித்தேன். ஓர் இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்ற ஐயம் நிற்கிறது. இரண்டையும் எழுதி, ஐயத்தையும் எழுதி, இடத்தையும் ஏறத்தாழ உள்ள ஆண்டையும் குறித்துப் பம்பாய்க் கழகத்துக்குச் சென்ற வாரம் மடல் அனுப்பினேன். விடை இன்னும் வரவில்லை. அந்த உள்ளான் கோடியக்கரையிலேயே வளையம் பூண்டதோ, வேறெங்கோ பூண்டதோ, விடை வந்தால் தெரியும். வராவிட்டாலும் பாட்டிக்கு ஓர் ஆறுதல் உண்டு. ‘தாத்தா சேதி போயிருச்சா?’ என்று இரு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டார்.

நாம் செய்யத் தக்கவை

பறவை காண்பதற்குக் கோடியக்கரை வரை போக வேண்டுவதில்லை. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை பூண்ட வரித்தலை வாத்துகளை மைசூர்ப் பக்கத்து ஏரிகளிலேயே கண்டு அறிவித்திருக்கிறார்கள். ஆகவே, நண்பர்களே, ஏரிக்கரையில் நடக்கும்போது பறவையின் காலையும் பாருங்கள். வளையமோ நிறக் கொடியோ இருந்தால், எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்துக்கொள்ளுங்கள். இயன்றால் படம் எடுங்கள். பறவையைத் துரத்தவோ பிடிக்கவோ வேண்டாம். இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். நாளையும் இடத்தையும் சேர்த்துப் பம்பாய்க் கழகத்துக்கு எழுதுங்கள். இலக்கம் தெளிவாக இல்லையென்றால், இல்லை என்றே எழுதுங்கள். ஊகித்து நிரப்பிய எண் வெற்றுத் தாளைவிடத் தீயது.

இன்னும் ஒன்று. பயணப் பண்டத்துக்குப் பெட்டிகள் வேண்டும். பறவைக்கு ஏரிகள் வேண்டும். நம் சந்தாபுரா ஏரியைப் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் கலந்து அது கெட்டதைக் குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2022-இல் மாநில அரசு 500 கோடி ரூபாய் ஈடு கட்ட வேண்டும் என்று அது ஆணையிட்டது. பெட்டியை உடைத்துவிட்டுப் பண்டம் ஏன் வரவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

ஊர் விட்டு ஊர் வந்த நாமும் ஒருவகையில் எண் பூண்ட பயணிகளே. அடையாள அட்டையிலும் விடுதி அறையிலும் நமக்கு எண்கள் உண்டு. யாரோ ஒருவர் வழி சொல்லி, யாரோ ஒருவர் இடம் காட்டி, இங்கு வந்து சேர்ந்தோம். நம் கைக்கு வந்து சேரும் சிறு செய்தியை நாமும் உரிய இடத்தில் சேர்ப்போமாக. உங்கள் வீட்டுப் பழம்பெட்டியிலும் ஓர் அலுமினிய வளையம் இருக்கலாம். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.